நெல்லைச் சீமையில் வைரஸின் தடம் பிடிக்க: சென்னைக்கு அனுப்பவா, இங்கேயே கருவி வாங்கவா, சாக்கடை நீரைப் பார்க்கவா?

மூன்று பேர் கேட்ட கேள்விகளுக்கு ஒரே பதிலாக இதை எழுதுகிறேன். பாளையங்கோட்டையில் நுண்ணுயிரியல் பாடம் எடுக்கும் ஓர் உதவிப் பேராசிரியை, "துறைக்குக் கொஞ்சம் நிதி வரும்போல் இருக்கிறது. மரபணு வரிசையாக்கக் கருவி வாங்கிவிடலாமா, இல்லை மாதிரிகளைச் சென்னைக்கே அனுப்பிக்கொண்டு இருக்கலாமா?" என்று கேட்டார். தென்காசியில் பிசிஆர் லேப் வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சிக்கு, பெரிய கருவி வாங்கினால் மற்ற லேப்களின் வேலையும் தன்னிடம் வருமா என்ற கணக்கு. உள்ளாட்சிச் சுகாதாரப் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு தம்பி, சாக்கடைத் தண்ணீரில் வைரஸைப் பார்க்கிறார்களாமே, அதை நம் ஊரில் செய்ய முடியாதா என்று கேட்டார்.

மூன்றும் நல்ல கேள்விகள். அடுத்த கொள்ளைநோய் வந்து வாசலில் நிற்கும்போது இதை யோசிக்க நேரம் இருக்காது. 2021 மே மாதத்தில் ஆக்சிஜன் படுக்கைக்கு அலைந்தவர்களுக்கு அது தெரியும்.

## வரிசை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

கொரோனா வைரஸின் மரபுச்செய்தி ஏறத்தாழ 29,900 எழுத்து நீளமுள்ள ஓர் ஆர்என்ஏ இழை. அந்த எழுத்துகளை ஒன்று விடாமல் படிப்பதுதான் மரபணு வரிசையாக்கம்; படித்துக் கிடைப்பதுதான் வரிசை. ஆளுக்கு ஆள் தாவிப் பெருகும்போது படியெடுப்பதில் அங்கங்கே பிழை விழும். சராசரியாக மாதத்துக்கு இரண்டு எழுத்து மாறிப்போய் நிலைக்கிறது. இந்தப் பிழைகள் ஒன்றன்பின் ஒன்றாக எப்படிச் சேர்ந்தன என்று பார்த்துத்தான் எந்த வைரஸ் எந்தக் கிளையில் வந்தது என்று சொல்கிறோம். ஆல்பா, டெல்டா, ஒமிக்ரான் எல்லாம் அந்தக் கிளைகளுக்கு, அதாவது திரிபுகளுக்கு, வைத்த பெயர்கள்.

இதிலிருந்து மூன்று விதமான கேள்விக்குப் பதில் தேடலாம். ஊரில் இப்போது எந்தத் திரிபு எத்தனை பங்கு இருக்கிறது? புதிதாக ஒன்று நுழைந்துவிட்டதா? இந்த வார்டில், இந்த விடுதியில் யாரிடமிருந்து யாருக்குப் போனது? முதல் இரண்டுக்கும் வரிசை நன்றாகப் பதில் சொல்லும். மூன்றாவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

ஒருவருக்குத் தொற்றி அவரிடமிருந்து அடுத்தவருக்குப் போக நான்கைந்து நாள் போதும். ஓர் எழுத்து மாறவோ சராசரியாக இரண்டு வாரம் ஆகிறது. ஆகவே கொடுத்தவரிடமும் வாங்கியவரிடமும் பெரும்பாலும் அச்சு அசலாக ஒரே வரிசைதான் இருக்கும். அதே வரிசை அந்த வாரம் தச்சநல்லூரிலும் பேட்டையிலும் நூறு பேரிடம் இருக்கலாம். வார்டில் இருக்கும் நர்ஸுக்கும் நோயாளிக்கும் ஒரே வரிசை வந்துவிட்டது என்பதால் அந்த நர்ஸ்தான் கொண்டுவந்தார் என்று சொல்ல முடியாது. ஆனால் இரண்டுக்கும் எட்டு, பத்து எழுத்து வித்தியாசம் இருந்தால் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு நேரடியாகப் போகவில்லை என்று துணிந்து சொல்லலாம். வீண்பழி சுமந்து நிற்கும் ஒருவரை அதிலிருந்து விடுவிப்பதற்காகவாவது இந்த வேலை நம் ஊரில் நடக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

கருவியின் விலையில் தொடங்க வேண்டாம். என் கணக்கில் முதல் அளவுகோல் மாதிரி. எத்தனை, எங்கிருந்து, எப்படித் தேர்ந்தெடுத்தது?

ஒரு சின்னக் கணக்கு. ஒரு புதிய திரிபு ஊரில் உள்ள தொற்றுகளில் 5 சதவீதம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாகுபாடு இல்லாமல் எடுத்த 60 மாதிரிகளை வரிசைப்படுத்தினால், அதில் ஒன்றாவது அகப்பட 95 சதவீத வாய்ப்பு உண்டு. 1 சதவீதம் இருக்கும்போதே பிடிக்க வேண்டுமானால் 300 மாதிரி வேண்டும். மாவட்டத்தில் பத்தாயிரம் பேருக்குத் தொற்று இருந்தாலும் ஐம்பதாயிரம் பேருக்கு இருந்தாலும் இந்த 60, 300 பெரிதாக மாறாது. வாரம் 60 நல்ல மாதிரி என்பது நமக்கு எட்டக்கூடிய எண்.

'பாகுபாடு இல்லாமல்' என்ற இடத்தில்தான் தவறிவிடுகிறோம். பாளை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களிடம் மட்டும் எடுத்தால் நோய் முற்றியவர்களின் படம்தான் கிடைக்கும். அவர்களுக்குத் தொற்றியது ஒன்றிரண்டு வாரங்களுக்கு முன்பு. நம் சீமைக்கு வைரஸ் நுழையும் வாசல்கள் வேறு. புளியரை வழியாகச் செங்கோட்டைக்கு வரும் கேரளப் போக்குவரத்து, திருவனந்தபுரம் விமானநிலையத்தில் இறங்கி வள்ளியூர், ராதாபுரம் பக்கம் வரும் வளைகுடாக்காரர்கள், தூத்துக்குடித் துறைமுகம், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலத்தில் சேரும் கூட்டம். செங்கோட்டை, வள்ளியூர், திசையன்விளை, அம்பாசமுத்திரம் ஆகிய ஊர்களின் அரசு மருத்துவமனைகளிலிருந்து வாரம் பத்துப் பத்து மாதிரி வந்தால், பாளையிலிருந்து மட்டும் வரும் நூறைவிட அது கண்ணைத் திறந்து வைக்கும்.

இரண்டாவது, காலம். மூக்கில் குச்சி விட்ட நாளிலிருந்து, முடிவெடுக்கக்கூடியவர் கைக்கு வரிசை வந்து சேரும் நாள் வரை எண்ண வேண்டும். கருவி ஓடும் நேரத்தை மட்டும் சொல்லும் விற்பனைப் பிரதிநிதியின் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஜேஎன்.1 திரிபு கேரளத்தில் கண்டுபிடிக்கப்பட்டதையே பாருங்கள். 2023 நவம்பர் 18 அன்று பிசிஆரில் பாசிட்டிவ் ஆன திருவனந்தபுரம் மாவட்ட மாதிரி, டிசம்பர் 8 அன்றுதான் ஜேஎன்.1 என்று தெரிந்தது. நடுவில் மூன்று வாரம். இந்தியாவிலேயே வரிசையாக்கத்தில் சுறுசுறுப்பாக இருக்கும் மாநிலங்களில் ஒன்றில் இப்படி. கருவி ஓடியது அதில் இரண்டு மூன்று நாள் இருந்திருக்கும். மற்றதெல்லாம் சேகரிப்பு, பயணம், காத்திருப்பு.

மூன்றாவது, மறைந்திருக்கும் செலவு: ரீஏஜென்ட் (சோதனைக்கான வேதிப்பொருள்) காலாவதி, பராமரிப்பு ஒப்பந்தம், ஏசி, யுபிஎஸ், மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர், ஓடாத நாளிலும் கொடுக்க வேண்டிய சம்பளம். நான்காவது, ஆள். ஐந்தாவது, வந்த வரிசையை யார் படித்து, யாருக்கு, எந்தப் படிவத்தில் சொல்வது என்பது.

## வழி ஒன்று: சென்னைக்கு அனுப்புவது

2020 டிசம்பரில் மத்திய அரசு பத்து ஆய்வகங்களைச் சேர்த்து இன்சாகாக் என்ற கூட்டமைப்பைத் தொடங்கியது. பாசிட்டிவ் மாதிரிகளில் 5 சதவீதத்தை வரிசைப்படுத்துவது இலக்கு. இரண்டாம் அலையில் அது எட்டாத உயரமாகிவிட்டது. அப்போது தமிழ்நாட்டு மாதிரிகள் பெங்களூருக்குப் போய்க் காத்துக்கிடந்தன. அந்த அனுபவத்தில்தான் 2021 செப்டம்பரில் சென்னை டிஎம்எஸ் வளாகத்தில் மாநில அரசே சுமார் 4 கோடி ரூபாயில் முழு மரபணு பகுப்பாய்வுக் கூடத்தைத் திறந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் ஒமிக்ரான் வந்தபோது அந்தக் கூடம் இருந்தது நமக்குப் பெரிய ஆறுதல்.

இந்த வழியின் பலம் தெளிவாக இருக்கிறது. மாவட்டத்துக்குக் கருவிச் செலவு இல்லை. பழகிய கைகள், பெரிய தொகுதியாக ஓட்டுவதால் மாதிரிக்கு ஆகும் செலவு குறைவு, 38 மாவட்டத்தின் வரிசைகளும் ஒரே முறையில் வருவதால் ஒப்பிடவும் எளிது.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது? மாதிரி சென்னை போய்ச் சேர்வது அதிகச் சிக்கல் இல்லை; இரவு ரயிலில் ஏற்றினால் காலையில் எழும்பூர். அதற்கு முன்னால் ஒரு தொகுதி சேரட்டும் என்று ஃப்ரீசரில் வைத்திருக்கும் நாட்கள்தான் நீளம். நடுவில் ஃப்ரீசர் கரண்ட் கட்டில் உருகி மறுபடி உறைந்தால் ஆர்என்ஏ துண்டு துண்டாகிவிடும். மூன்றடுக்குப் பொதி சரியாக இல்லையென்றால் அங்கே வாங்கமாட்டார்கள். சிடி மதிப்பு (பிசிஆரில் வைரஸ் தெரிய எத்தனை சுற்று ஆனது என்ற எண்) 30க்கு மேல் இருக்கும் மாதிரிகளில் வைரஸ் அளவு குறைவு; வரிசையில் ஓட்டை ஓட்டையாக வரும். அவற்றையும் சேர்த்து அனுப்பினால் பெட்டியில் இடமும் போச்சு, ரீஏஜென்ட்டும் போச்சு. 25க்குக் கீழே உள்ளவற்றைப் பொறுக்கி அனுப்பினால் சென்னையில் இருப்பவர்கள் உங்களை வாழ்த்துவார்கள்.

இன்னொன்று, திரும்பி வரும் பாதை. அனுப்பிய பேராசிரியைக்கே முடிவு தெரியாமல், மாநிலச் செய்திக்குறிப்பில் மாவட்டத்தின் பெயரைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் நிலை நான் பார்த்தது. அலை உச்சத்தில் இருக்கும்போது எல்லா மாவட்டமும் ஒரே நேரத்தில் அனுப்பும்; வரிசையில் நமக்கு முன்னால் கோவையும் மதுரையும் நிற்கும்.

அப்புறம் மழை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரை தாண்டியது, ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் பயணிகளோடு நின்றது, நெல்லையிலிருந்து சென்னைக்கான ரயில்கள் நின்றுபோயின. கேரளத்தில் ஜேஎன்.1 செய்தி வந்து பத்து நாள்கூட ஆகாத நேரம் அது. நிவாரண முகாம்களில் மக்கள் நெருக்கியடித்துப் படுத்திருந்தார்கள். எந்தத் திரிபு முகாமில் சுற்றுகிறது என்று தெரிந்துகொள்ள மிகவும் தேவைப்பட்ட வாரத்தில் பாதை அடைபட்டுக் கிடந்தது.

வாராவாரம் நடக்கும் கண்காணிப்புக்கு இதைவிட நல்ல வழி நமக்கு இல்லை. அவசரத்துக்கு இதை மட்டும் நம்ப முடியாது.

## வழி இரண்டு: கையடக்க நானோபோர் கருவி

மின்அயான் என்ற நானோபோர் கருவி சட்டைப்பையில் அடங்கும். யுஎஸ்பி கம்பியில் மடிக்கணினியோடு இணைத்து ஓட்டலாம். சவ்வில் இருக்கும் நுண்துளை வழியாக மரபணு இழை நுழையும்போது மின்னோட்டம் ஏறி இறங்குவதை எழுத்தாகப் படிக்கிறது. 2015இல் கினி நாட்டில் எபோலா பரவியபோது இதைப் பயணப் பெட்டியில் வைத்து எடுத்துப்போய், 142 மாதிரிகளை அங்கேயே வரிசைப்படுத்தினார்கள். மாதிரி கைக்கு வந்து 24 மணி நேரத்துக்குள் சிலவற்றுக்கு முடிவு கிடைத்தது. மின்சாரமும் இணையமும் தடுமாறும் ஊரில் நடந்த வேலை அது. பாளையில் ஏன் நடக்காது?

கொரோனாவுக்கு இதில் ஓட்டும் முறை, வைரஸை முதலில் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பெருக்கிக்கொள்வது. ஆர்ட்டிக் என்ற திட்டத்தில் சுமார் 400 எழுத்து நீளமுள்ள துண்டுகள், நூறுக்கு ஒன்றிரண்டு குறைவாக. மிட்நைட் என்ற இன்னொரு முறையில் 1,200 எழுத்து நீளத்துக்கு 29 துண்டு போதும். வேலை நேரமும் குறையும். ஒரு மாதிரிக்கு ஒரு பார்கோடு ஒட்டி, 96 வரை ஒரே ஃப்ளோசெல்லில், அதாவது அந்த நுண்துளைகள் இருக்கும் சில்லில், ஏற்றலாம்.

கருவி மலிவு என்றுதான் எல்லோரும் இதில் இறங்குகிறார்கள். தொடக்கத் தொகுப்பு 1,000 டாலருக்குக் கிடைத்த காலம் உண்டு. ஆனால் செலவு ஃப்ளோசெல்லில் இருக்கிறது. ஒரு ஃப்ளோசெல்லின் விலை அப்போது கிட்டத்தட்ட அந்தத் தொகுப்பின் விலையோடு போட்டி போட்டது. 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும், வாங்கிச் சுமார் மூன்று மாதத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். இறக்குமதி, சுங்கம், சென்னை அல்லது பெங்களூர் விநியோகஸ்தர் என்று பல கை மாறி வருவதற்குள் அதில் பாதி ஆயுள் கரைந்துவிடலாம். அரசு டெண்டர் முறையில் ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாக வாங்கினால் பெரும்பகுதி ஃப்ரிட்ஜிலேயே செத்துப்போகும். வாங்குவதற்கு முன் இந்த ஒன்றை மட்டும் தீர்த்துக்கொள்ளுங்கள்: காலாண்டுக்கு ஒருமுறை, தவணை தவணையாகச் சப்ளை செய்ய ஒப்பந்தம் போட முடியுமா? முடியாது என்றால் கருவியே வேண்டாம்.

துல்லியத்தைப் பற்றிக் கேட்பார்கள். பழைய வேதியியலில் ஒரு வாசிப்பில் நூறில் ஐந்து எழுத்துவரை பிழையாக இருந்தது. புதிய வகையில் 99 சதவீதம் சரியாக வருகிறது. ஒரே இடத்தை நூறு முறை படித்து ஒப்பிடுவதால் கடைசி வரிசை நம்பகமானதுதான். ஒரே எழுத்து அடுத்தடுத்து ஐந்தாறு வரும் இடங்களில் மட்டும் எண்ணிக்கை தடுமாறும். எந்தத் திரிபு என்று சொல்ல அது தடையில்லை. நான் மேலே சொன்ன நர்ஸ் விவகாரம் போன்ற இடங்களில் ஓரெழுத்து வித்தியாசத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லும்போது கவனம் வேண்டும்.

மின்னோட்டத்தை எழுத்தாக்க நல்ல கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினி தேவை. இதைப் பட்ஜெட்டில் சேர்க்க மறந்துவிடுவார்கள். பிசிஆருக்கு முந்தைய வேலையும் பிந்தைய வேலையும் தனித்தனி அறையில் நடக்க வேண்டும். ஒரே அறையில் செய்தால் பெருக்கிய துண்டுகள் காற்றில் பறந்து அடுத்த வார மாதிரியில் விழும். எல்லோருக்கும் ஒரே திரிபு என்று முடிவு வரும். ஒவ்வொரு ஓட்டத்திலும் வெறும் தண்ணீரையும் ஒரு மாதிரியாக வைத்து ஓட்டுங்கள். அதில் வைரஸ் தெரிந்தால் அந்த ஓட்டத்தையே தள்ளிவிடுங்கள், மனசு கேட்காவிட்டாலும்.

வைரஸ் மாறினால் ப்ரைமரும் (பெருக்க வேண்டிய துண்டில் போய் ஒட்டும் சிறு இழை) மாற வேண்டும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். டெல்டா பரவியபோது ஆர்ட்டிக்கின் மூன்றாம் பதிப்பில் ஸ்பைக் (வைரஸின் மேலுள்ள முள்) மரபணுவின் ஒரு துண்டு பெருகாமல் போனது. 2021இல் நான்காம் பதிப்பு வந்த பிறகு சரியானது. பழைய கிட்டை வைத்துக்கொண்டே ஓட்டியவர்களின் வரிசையில் முக்கியமான இடத்திலேயே ஓட்டை.

திடீர்ப் பரவல், நிவாரண முகாம், அணுமின் நிலையம் போன்ற பெரிய தொழிலகத்தின் குடியிருப்பு, ஒரு வார்டில் பரபரவென்று ஐந்தாறு பேருக்குத் தொற்று. இந்த இடங்களில் இந்தக் கருவிக்கு மாற்று இல்லை. டெங்கு வைரஸின் வகை பார்க்கவும் இதே கருவி, இதே கைகள் உதவும். கொரோனா இல்லாத மாதங்களில் டெங்குவில் கை பழகிக்கொண்டே இருந்தால்தான், நெருக்கடியில் கருவியை எடுக்கும்போது யூடியூப் பார்த்துக் கற்க வேண்டியிருக்காது.

## வழி மூன்று: பெரிய மேசைக் கருவி

இல்லுமினா நிறுவனத்தின் மேசைக் கருவிகளை நினைத்துத்தான் தென்காசி அண்ணாச்சி கேட்டார். துல்லியத்தில் இவற்றுக்குத்தான் முதலிடம். ஆயிரம் எழுத்துக்கு ஒன்று தவறுவதே அதிகம். ஒரே ஓட்டத்தில் 96 முதல் 384 மாதிரி வரை போடலாம். மாதிரிக்கு ஆகும் செலவு மற்ற எல்லாவற்றையும்விடக் குறைவாக வரும், ஆனால் பெட்டி நிறைந்தால் மட்டும்.

நம் ஊர் பேருந்து முதலாளிகளுக்கு இது தெரிந்த கணக்கு: ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் டீசல் அதேதான். 24 மாதிரியை மட்டும் ஏற்றி ஓட்டினாலும் ரீஏஜென்ட் கார்ட்ரிட்ஜ் ஒன்று முழுசாகப் போய்விடும். நிறையட்டும் என்று காத்திருந்தால் காலம் போகும். அலை இல்லாத நாளில் நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மூன்று மாவட்டத்தையும் கூட்டினாலும் வாரம் 96 நல்ல மாதிரி சேராது.

விலை மாடலைப் பொறுத்தது. சின்னக் கருவி 2018இல் சுமார் 20,000 டாலருக்கு வந்தது, நடுத்தரம் ஒரு லட்சம் டாலர் பக்கம். அதன்மேல் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம், பொதுவாகக் கருவி விலையில் பத்தில் ஒரு பங்கு. நிதி ஒதுக்கும்போது கருவிக்கு மட்டும் ஒதுக்கிவிட்டு, மூன்றாம் ஆண்டு ஒப்பந்தம் புதுப்பிக்கப் பணமில்லாமல் உறைபோட்டு மூடிய கருவிகளை நான் ஒன்றுக்கு மேல் பார்த்திருக்கிறேன். பார்க்கவே வயிற்றெரிச்சலாக இருக்கும். மருத்துவக் கல்லூரியும் பல்கலைக்கழகமும் காசநோய் மருந்து எதிர்ப்பு, ஆஸ்பத்திரிக் கிருமிகள், புற்றுநோய் மரபணு என்று ஆண்டு முழுக்க வேலை கொடுக்க எழுதித் தந்தால் மட்டும் இதை யோசிக்கலாம். கொரோனாவுக்காக மட்டும் வேண்டாம்.

## வழி நான்கு: சாக்கடை நீர்

தொற்றியவர்களில் பலர் மலத்தில் வைரஸ் துண்டுகளை வெளியேற்றுகிறார்கள், இருமல் இல்லாதவர்களும்கூட. பரிசோதனைக்கு வராதவரும் கழிப்பறைக்குப் போயாக வேண்டும். அதனால் ஒரு சுத்திகரிப்பு நிலையத்தில் எடுக்கும் ஒரு புட்டி தண்ணீர், ஆயிரக்கணக்கானவர்களின் கூட்டு மாதிரி. ஃப்ரேயா என்ற மென்பொருள் அந்தக் கலவையைப் பிரித்து, எந்தத் திரிபு எத்தனை பங்கு என்று மதிப்பிட்டுத் தருகிறது. 2022க்குப் பிறகு ஊரில் யாரும் பிசிஆர் எடுக்க வருவதில்லை. வீட்டிலேயே கசாயமும் பாராசிட்டமாலும். இந்த நிலையில் மூக்குக் குச்சியை மட்டும் நம்பினால் படம் கிடைக்காது. அந்தத் தம்பியின் கேள்விக்கு உயிர் இருப்பது இதனால்தான்.

நெல்லையின் தடை, குழாய். மாநகராட்சியின் பாதாளச் சாக்கடை ராமையன்பட்டிச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது, ஆனால் எல்லா வீடுகளும் அதில் இணையவில்லை. மாநகரைத் தாண்டினால் செப்டிக் டேங்க்தான். முக்கூடலிலும் களக்காட்டிலும் என்ன பரவுகிறது என்று ராமையன்பட்டித் தண்ணீர் சொல்லாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் கலந்து வைரஸ் அளவு நீர்த்துப்போகும். அந்த மாதங்களில் அளவை ஒப்பிடக் கூடாது, திரிபுகளின் பங்கை மட்டும் பார்க்கலாம். யாருக்குத் தொற்று என்று இதில் ஒருபோதும் தெரியாது.

தெரியாததில் ஒரு நன்மையும் உண்டு. 2020இல் வாசலில் ஸ்டிக்கர் ஒட்டியதையும், தெருவே அந்த வீட்டை ஒதுக்கியதையும் யாரும் மறக்கவில்லை. சாக்கடை நீர் யாரையும் காட்டிக்கொடுக்காது. ஆனால் ஒரு தெருவின் மேன்ஹோல் வரை இறங்கி எடுத்து, அந்தத் தெருவின் பெயரோடு முடிவை வெளியிட்டால் அதே ஸ்டிக்கர்தான் திரும்ப வரும். சுத்திகரிப்பு நிலையத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. நீரை எடுத்துச் செறிவாக்கும் வேலைக்கு ஆழ்வார்குறிச்சியில் இருக்கும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் அறிவியல் மையத்தைக் கேட்டுப் பார்க்கலாம்.

## இடையில் ஒரு சல்லடை

வரிசையாக்கத்துக்கு முன்பே, பிசிஆரிலேயே ஒரு குறிப்புக் கிடைக்கும். டாக்பாத் என்ற பிசிஆர் கிட் மூன்று மரபணு இடங்களைப் பார்க்கிறது. ஸ்பைக்கில் 69, 70 ஆம் இடங்கள் உதிர்ந்த வைரஸில் எஸ் மரபணு (ஸ்பைக்கின் மரபணு) மட்டும் தெரியாது, மற்ற இரண்டும் தெரியும். ஆல்பாவையும் ஒமிக்ரானின் முதல் கிளையையும் இப்படித்தான் சில மணி நேரத்தில் சந்தேகித்தார்கள். 2021 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் எஸ் மரபணு விடுபட்டதா என்று பார்த்தே மாதிரிகளைப் பிரித்தார்கள். ஆனால் ஒமிக்ரானின் பிஏ.2 கிளையில் அந்த உதிர்வு இல்லை. அது சத்தமில்லாமல் முந்திக்கொண்டது. மலிவான, வேகமான சல்லடை இது, அவ்வளவே. கையில் இருந்தால் பயன்படுத்துங்கள். இதை வைத்துத் திரிபின் பெயரை அறிவிக்காதீர்கள்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | சென்னைக்கு அனுப்புதல் | நானோபோர் | மேசைக் கருவி | சாக்கடை நீர் |
|---|---|---|---|---|
| மாதிரி கிடைத்து முடிவு வர | நாட்கள் முதல் வாரங்கள் | ஒன்றிரண்டு நாள் | இரண்டு மூன்று நாள், தொகுதி நிறைந்த பிறகு | வாரம் ஒருமுறை என்றால் போதும் |
| மாவட்டத்தின் முதலீடு | பொதி, போக்குவரத்து | குறைவு | மிக அதிகம் | குறைவு. வரிசையாக்கம் தனி |
| மறைந்த செலவு | காத்திருப்பு, திரும்பாத முடிவு | ஃப்ளோசெல் காலாவதி, கணினி, தனி அறைகள் | பராமரிப்பு ஒப்பந்தம், நிறையாத ஓட்டம் | வாராவாரம் ஆள், மழைக்காலத் திருத்தம் |
| யார் விடுபடுவார்கள் | பரிசோதனைக்கு வராதவர் | பரிசோதனைக்கு வராதவர் | பரிசோதனைக்கு வராதவர் | செப்டிக் டேங்க் வீடுகள், கிராமங்கள் |
| வார்டில் பரவலை ஆராய | தாமதம் | நல்லது | நல்லது, காத்திருந்தால் | முடியாது |

இந்த நான்கும் முன்பே அறிந்த வைரஸுக்குத்தான் இவ்வளவு எளிது. 2020 ஜனவரி இரண்டாம் வாரத்திலேயே முதல் வரிசை உலகுக்கு வெளியானதால்தான் பிசிஆரும் ப்ரைமர்களும் அவ்வளவு வேகமாக வந்தன. முற்றிலும் புதிய கிருமி என்றால், அல்லது நிபா மாதிரி ஆபத்தானது என்றால், மாவட்ட லேபில் தொடவே கூடாது. பத்திரமாகப் பொதிந்து புனே தேசிய வைராலஜி நிறுவனத்துக்குப் போக வேண்டும்.

## மூவருக்கும் என் பதில்

பேராசிரியைக்கு: சென்னைக்கு அனுப்புவதை நிறுத்தாதீர்கள். வாரம் 60, குறைந்தது ஐந்து ஊர்களிலிருந்து, சிடி 25க்குக் கீழே, மாதிரி எடுத்த தேதி, வயது, ஊர், பயணம், தடுப்பூசி, ஆஸ்பத்திரியில் சேர்ந்தாரா என்ற விவரங்களோடு. தேதியும் ஊரும் இல்லாத வரிசையை வைரஸின் எந்த வம்சாவளி மரத்திலும் வைக்க முடியாது. நிதி வந்தால் ஒரு நானோபோர் கருவி, அதோடு தவணைச் சப்ளை ஒப்பந்தம், இரண்டு டெக்னீசியன்களுக்குப் பயிற்சி. ஒருவருக்கு மட்டும் கற்றுக்கொடுத்தால் அவருக்கு இடமாறுதல் வந்த அன்றே கருவி ஓய்வெடுக்கும். வரிசையைப் பார்த்துத் திரிபைச் சொல்ல நெக்ஸ்ட்கிளேட் என்ற மென்பொருள் போதும். உலாவியிலேயே ஓடும், தரவு உங்கள் கணினியைத் தாண்டிப் போகாது. சரிபார்த்த பிறகு, உலகெங்கும் வைரஸ் வரிசைகளைப் பகிரும் கிஸ்எய்ட் களஞ்சியத்தில் ஏற்றுங்கள்.

சுகாதாரப் பிரிவுத் தம்பிக்கு: ராமையன்பட்டியில் வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில், காலையில். முதல் ஆறு மாதம் வரிசையாக்கம்கூட வேண்டாம், பிசிஆரில் அளவு மட்டும் பாருங்கள். அளவு ஏறும் வாரங்களின் நீரை மட்டும் உறையவைத்து வரிசைக்கு அனுப்பலாம். லாரியில் வரும் செப்டிக் டேங்க் கழிவு நிலையத்தில் எந்த நேரத்தில் கொட்டப்படுகிறது என்று கேட்டு, அதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் எந்த ஊர் தண்ணீர் என்றே சொல்ல முடியாது.

அண்ணாச்சிக்கு: பெரிய கருவி வேண்டாம். அலை வரும்போது அரசு மாதிரிகள் அரசுக் கூடத்துக்குத்தான் போகும், தனியாகக் காசு கொடுத்துத் தன் வைரஸின் வரிசையைத் தெரிந்துகொள்ள நோயாளிக்குக் காரணமும் இல்லை. திரிபின் பெயர் தெரிந்தாலும் அவருக்குக் கொடுக்கும் மருந்து பெரும்பாலும் மாறாது. உங்களிடம் வேறு ஒன்று இருக்கிறது. செங்கோட்டை எல்லையை ஒட்டி, குற்றாலத்துக்குப் பக்கத்தில் லேப் வைத்திருக்கிறீர்கள். சீசனில் காய்ச்சலோடு வருகிறவர் முதலில் ஏறுவது உங்கள் படிதான். ஒரு மைனஸ் 80 ஃப்ரீசர் வாங்குங்கள், ஜெனரேட்டரோடு இணையுங்கள், பாசிட்டிவ் மாதிரிகளைத் தேதியும் ஊரும் எழுதி வையுங்கள், மாவட்டச் சுகாதார அலுவலரிடம் பேசி வாராவாரம் பத்து மாதிரி பாளைக்குப் போக ஏற்பாடு செய்யுங்கள்.